தேர்வறையில் உரிய ஏற்பாடு: கேட்பது எப்படி, எப்போது?

முதுநிலைப் படிப்பில் சேரவும், படித்த தொழிலைச் செய்ய உரிமம் பெறவும் இன்று ஒரு தேர்வைத் தாண்டியாக வேண்டும். மருத்துவ மேற்படிப்புக்கு நீட் பிஜி. பொறியியலுக்கு கேட். சட்டத்தில் முதுநிலை படிக்க கிளாட் பிஜி. சட்டம் முடித்தவர் தொழிலைத் தொடர அகில இந்திய பார் தேர்வு. பட்டயக் கணக்காளராக சிஏ தேர்வுகள். இவற்றில் மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்த ஏற்பாடு தானாக வந்து சேராது. உரிய சான்றோடு, உரிய நாளுக்குள் கேட்டால்தான் கிடைக்கும். கேட்கும் முறை தெரியாததாலேயே தகுதியுள்ளவர்களும் இதை இழக்கிறார்கள். அந்த முறையைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், ஏற்பாடு எதற்காக என்பதைப் பார்ப்போம். கிளாட் பிஜி தேர்வில் 120 நிமிடத்தில் 120 கேள்விகள். தீர்ப்புகளிலிருந்தும் சட்டங்களிலிருந்தும் எடுத்த பத்திகளைப் படித்து விடையளிக்க வேண்டும். பார்வையுள்ள மாணவர் பத்தியைப் படிக்கிறார், கேள்வியைப் பார்க்கிறார், ஐயம் வந்தால் கண்ணை மேலே ஓட்டி மூன்றாவது வரியை மறுபடி பார்த்துக்கொள்கிறார். அதற்கு ஒரு நொடிகூட ஆகாது. பார்வையற்ற மாணவருக்கு அருகில் ஒருவர் அமர்ந்து வாசித்துக் காட்டுகிறார். “மூன்றாவது வரியை மறுபடி வாசியுங்கள்” என்கிறார் மாணவர். வாசிப்பவர் தேடி எடுத்து வாசிக்கிறார். “அதற்கு முந்தைய வாக்கியம்” என்கிறார் மாணவர். அதையும் கேட்டுவிட்டு, நான்கு விடைகளையும் மனத்தில் நிறுத்தி, “சி” என்று சொல்கிறார். உதவுபவர் வட்டத்தை நிரப்புகிறார். சரியான வட்டம்தானா என்று மாணவர் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்கிறார். இருவருக்கும் சட்ட அறிவு ஒன்றாகவே இருக்கலாம். தாளிலிருந்து மூளைக்கும், மூளையிலிருந்து தாளுக்கும் செய்தி போய்வரும் நேரம்தான் வேறு. தேர்வு அளக்க வந்தது சட்ட அறிவை. கண்ணின் வேகத்தை அளந்து மதிப்பெண் போட்டால் அளவையே பிழையாகிவிடும். ஏற்பாடு அந்தப் பிழையைத் திருத்துகிறது.

இதற்கு அடிப்படை, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அது 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா போன்ற கற்றல் குறைபாடுகள், பார்க்கின்சன் நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என வெளிப்பார்வைக்கு உடனே தெரியாத பலவும் இதில் அடங்கும். ‘நியாயமான ஏற்பாடு’ என்பது இச்சட்டத்தின் முக்கியமான கருத்து. மற்றவர்களுக்குச் சமமாக ஒருவர் தம் உரிமையைப் பயன்படுத்தத் தேவையான, செய்பவர் மேல் தகாத சுமையை ஏற்றாத மாற்றங்களே நியாயமான ஏற்பாடு. அதை மறுப்பதையும் பாகுபாடு என்று சட்டம் வரையறுக்கிறது. தேர்வில் கூடுதல் நேரமும் உதவியாளரும் தரவேண்டியதைக் கல்வி குறித்த 17-ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது.

சட்டம் பொதுவாகச் சொன்னதை நடைமுறைக்குக் கொண்டுவருபவை மத்திய அரசின் தேர்வு நெறிமுறைகள். 2018 ஆகஸ்ட் 29 அன்று வந்த நெறிமுறை இவற்றில் முதன்மையாக இருந்தது. அதன்படி மூன்று உதவிகள் பெரும்பாலும் கிடைக்கின்றன.

முதலாவது, கூடுதல் நேரம். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு மணி நேரத் தேர்வுக்கு 40 நிமிடம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். மூன்றரை மணி நேரத் தேர்வுக்கு 70 நிமிடம். உதவியாளர் இல்லாமல் தாமே எழுதுபவருக்கும் இந்த நேரம் உண்டு. உதவியாளரை வைத்துக்கொண்டால்தான் நேரம் கிடைக்கும் என்று தவறாக எண்ணிக்கொண்டு, தேவையில்லாமல் ஆள் தேடி அலைபவர்கள் உண்டு.

இரண்டாவது, ஸ்கிரைப் எனப்படும் ‘சொல்வதை எழுதுபவர்’. தேர்வர் சொல்லும் விடையை அவர் எழுதுவார். கணினித் தேர்வு என்றால் திரையை வாசித்துக் காட்டி, சொல்லும் விடையைச் சொடுக்குவார். பார்வையற்றோர், இரு கைகளும் பாதிக்கப்பட்டோர், பெருமூளை வாதம் உள்ளோர் ஆகிய மூவகையினருக்கும், அவர்கள் விரும்பினால் இந்த உதவி அளிக்கப்பட வேண்டும். மற்ற வகையினர், எழுதுவதற்கு உடல்ரீதியான தடை இருக்கிறது என்று அரசு மருத்துவரிடம் தனிச் சான்று பெற்றுத் தர வேண்டும். தேர்வு அமைப்பே ஆளைத் தரலாம். தேர்வரே அழைத்து வரவும் அந்த நெறிமுறை அனுமதித்தது. அப்படி அழைத்து வருபவரின் படிப்பு தேர்வரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது அது. விடையை அவரே யோசித்துச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இந்த விதி. அதன் நோக்கம் சரிதான். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. மருத்துவ மேற்படிப்புத் தேர்வில் நோய்களின் பெயர்களையும் மருந்துகளின் பெயர்களையும் உச்சரிக்கத் தெரியாத ஒருவர் வாசிக்கும்போது தேர்வர் எழுத்துக்கூட்டிக் கேட்க வேண்டியிருக்கும். அதனால்தான் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே எழுதுபவரைச் சந்தித்துப் பழக தேர்வருக்கு அந்த நெறிமுறை இடம் கொடுத்தது. இந்தச் சந்திப்பைக் கேட்டுப் பெறுங்கள். சமன்பாட்டை எப்படி வாசிப்பது, எங்கே நிறுத்துவது, எதைத் திருப்பிச் சொல்வது என்று முன்னதாகவே பேசி வைத்துக்கொண்டால் தேர்வன்று பல நிமிடங்கள் மிஞ்சும்.

மூன்றாவது, தேர்வு எழுதும் முறையையும் கருவியையும் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு. பிரெய்ல், பெரிய எழுத்து வினாத்தாள், கணினி, பேசும் கால்குலேட்டர் போன்றவை இதில் வரும். கணினியில் எழுதுபவர் முந்தைய நாளே அந்தக் கணினியைச் சோதித்துப் பார்க்கலாம். திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் ஜாஸ் போன்ற மென்பொருளில் பழகியவருக்கு இன்னொரு மனிதரின் உதவியே தேவைப்படாமல் போகலாம். 2024-ஆம் ஆண்டு பார் தேர்வை அந்த மென்பொருளுடன் கணினியில் எழுதப் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு உச்ச நீதிமன்றம் வழி திறந்தது.

இனி, குழப்பம் அதிகம் உள்ள இடத்துக்கு வருவோம். அது 40 சதவீதம் என்ற எண்.

சட்டம் இரண்டு பிரிவினரைப் பற்றிப் பேசுகிறது. நீண்டகாலக் குறைபாட்டால் சமூகத்தில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்கத் தடை உள்ள எவரும் மாற்றுத்திறனாளி. அவர்களில், குறிப்பிட்ட குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று பெற்றவர் ‘வரம்புநிலை மாற்றுத்திறனாளி’. இட ஒதுக்கீடு இரண்டாம் பிரிவினருக்கு மட்டும். உயர்கல்வியில் அவர்களுக்கு 5 சதவீத இடங்கள் உண்டு. தேர்வு ஏற்பாட்டையோ சட்டம் அந்த எண்ணோடு கட்டிவைக்கவில்லை. ஆனால் 2018 நெறிமுறை வரம்புநிலையினரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதால், தேர்வு அமைப்புகள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. 38 சதவீதம் என்றால் ஒதுக்கீடும் இல்லை, கூடுதல் நேரமும் இல்லை என்றாகிவிட்டது.

இந்தக் குழப்பத்தை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றவர் ஒரு மருத்துவப் பட்டதாரி. எழுதத் தொடங்கினால் கை இறுகி வலிக்கும் ‘ரைட்டர்ஸ் கிராம்ப்’ என்ற பாதிப்பு அவருக்கு. 2018-ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வுக்கு அவர் ஸ்கிரைப் கேட்டார். மத்திய தேர்வாணையம் மறுத்தது. அவருடைய பாதிப்பு 6 சதவீதம் என்று மருத்துவக் குழு அளவிட்டிருந்தது. 6 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்தால் சிறிய குறைதான் என்று தோன்றும். ஆனால் மணிக்கணக்கில் பேனா பிடித்து எழுதவேண்டிய தேர்வில் அந்த 6 சதவீதம் முழுவதும் விழுவது எழுதும் கையின் மேல். மொத்த உடலின் இழப்பை அளக்கும் எண், ஒரு குறிப்பிட்ட வேலையில் வரும் தடையைக் காட்டாது. 2021 பிப்ரவரி 11 அன்று நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு, நியாயமான ஏற்பாட்டுக்கு 40 சதவீதம் நிபந்தனை ஆகாது என்று தீர்ப்பளித்தது. அதற்கேற்ற நெறிமுறையை வகுக்கவும் அரசுக்கு ஆணையிட்டது.

அதன் விளைவாக 2022 ஆகஸ்ட் 10 அன்று, 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்து எழுதுவதில் தடை உள்ளவர்களுக்காகத் தனி நெறிமுறை வந்தது. இதில் ஒரு மருத்துவரின் கையொப்பம் போதாது. தலைமை மருத்துவ அலுவலர் தலைமையில் எலும்பியல் அல்லது மறுவாழ்வு மருத்துவ நிபுணர், கிடைத்தால் நரம்பியல் நிபுணர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் போன்றோர் கொண்ட குழு சான்றளிக்க வேண்டும் என்றது அந்த நெறிமுறை. 2025 பிப்ரவரி 3 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு இன்னும் ஒரு படி முன்னே சென்றது. வரம்புநிலையினருக்கு உள்ள தேர்வுச் சலுகைகள் மற்ற எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் சேர வேண்டும். 2022 நெறிமுறையின் கட்டுப்பாடுகளை நீக்கித் திருத்த வேண்டும். ஆறு மாதமே செல்லும் ஸ்கிரைப் சான்றின் காலத்தை நீட்டிக்க வேண்டும். குறை தீர்க்க ஓர் இணையத் தளம் வேண்டும் என்றெல்லாம் கூறியது. நெறிமுறைகள் இப்படித் தொடர்ந்து மாறிவருகின்றன. ஆகவே போன ஆண்டு எழுதிய நண்பர் சொன்னதை நம்பி நின்றுவிடாமல், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் கையேட்டையே வரி விடாமல் படிப்பது நல்லது.

சான்றிதழ் என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும் உண்மையில் அவை நான்கு. ஒன்று, மாற்றுத்திறனாளி அடையாளச் சான்று. இப்போது யுடிஐடி அட்டையாக வருகிறது. இது பெரும்பாலும் நிலையான ஆவணம். இரண்டு, எழுதுவதில் தடை உண்டு என்ற தேர்வுக்கான சான்று. இதற்குக் கையேட்டின் பின்னிணைப்பில் அச்சிட்ட படிவம் இருக்கும்; அதே படிவத்தில்தான் பெற வேண்டும். மூன்று, சொல்வதை எழுதுபவரின் கல்வித் தகுதியைக் காட்டும் உறுதிமொழிக் கடிதம். நான்கு, ஒதுக்கீட்டு இடம் கேட்பவருக்கு மட்டும் தேவையான சேர்க்கைச் சான்று. மருத்துவ மேற்படிப்பில் இதை அதற்கென்று அறிவிக்கப்பட்ட மையங்கள்தாம் தர முடியும். சென்னை மருத்துவக் கல்லூரி அவற்றில் ஒன்று. இந்த நான்கில் ஒன்றைக் காட்டினால் மற்றதும் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். யுடிஐடி அட்டையை மட்டும் பதிவேற்றிவிட்டு, இரண்டாவது சான்று இல்லாமல் தேர்வு மையத்தின் வாசலில் நிற்கும் நிலை வருவது இதனால்தான்.

மருத்துவரிடம் போகும்போது படிவத்தை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். நோயின் பெயரோடு நின்றுவிடாமல், அது எழுதுவதை எப்படிப் பாதிக்கிறது என்பதைச் சான்றில் குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். ‘வலது கையில் பாதிப்பு’ என்ற வரி தேர்வு அலுவலருக்கு எதையும் விளக்காது. ‘பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து எழுத இயலாது, விரல்கள் இறுகிவிடும்’ என்ற வரி விளக்கும். பள்ளியிலும் கல்லூரியிலும் இதே ஏற்பாட்டோடு தேர்வு எழுதியிருந்தால் அந்த ஆணைகளின் நகல்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கற்றல் குறைபாடு உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2018-இல் வகுக்கப்பட்ட முறைப்படி அவர்களுக்கு 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி மதிப்பீடு உண்டு; 18 வயதில் தருவது வாழ்நாள் முழுதும் செல்லும். பள்ளியில் பெற்ற பழைய சான்றோடு நின்றுவிட்டவர் மேற்படிப்புத் தேர்வு நெருங்கும் வேளையில் திகைத்துப் போகிறார்.

அடுத்தது காலம். ஏற்பாட்டைக் கேட்கும் இடம் விண்ணப்பப் படிவம். ‘மாற்றுத்திறனாளியா’ என்ற கேள்விக்குக் கீழே, ‘கூடுதல் நேரம் தேவையா’, ‘ஸ்கிரைப் தேவையா’, ‘சொந்தமாக அழைத்து வருவீர்களா’ என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லிவிட்டு மற்றவற்றைக் கவனிக்காமல் விட்டால் பிறகு திருத்துவது கடினம். திருத்தச் சாளரம் என்று சில நாள் தருவார்கள். எல்லாக் கட்டங்களும் அதில் திறக்காது. நுழைவுச்சீட்டு வந்ததும் அதில் கூடுதல் நேரமும் ஸ்கிரைப் வசதியும் குறிப்பிடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே மின்னஞ்சல் எழுதுங்கள். தொலைபேசியில் பேசியதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

தாளில் எல்லாம் சரியாக இருந்தும் தேர்வறையில் தவறு நடக்கலாம். 2021-ஆம் ஆண்டு இளநிலை நீட் தேர்வில், டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவிக்குச் சேரவேண்டிய ஒரு மணி நேரம் தரப்படாமல் விடைத்தாள் வாங்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தவறு தேர்வு மையத்தினுடையது என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் லட்சக்கணக்கானோர் எழுதிய தேர்வை ஒருவருக்காக மறுபடி நடத்த முடியாது என்றும் கூறியது. அநீதியைச் சரிசெய்யும் வழியை ஒரு வாரத்தில் முடிவுசெய்யுமாறு தேசிய தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. தேர்வுக்குப் பிறகு கிடைக்கும் நீதி எவ்வளவு குறுகியது என்பதற்கு இந்த வழக்கே சான்று. ஆகவே நெறிமுறையின் நகல் ஒன்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். தேர்வு தொடங்கும் முன்பே மையக் கண்காணிப்பாளரிடம் முடிவு நேரத்தைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் என்ன செய்வது? மருத்துவக் குழுவின் அளவீட்டில் உடன்பாடு இல்லையென்றால் மேல்முறையீட்டுக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. தேர்வு அமைப்பு மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மத்திய அமைப்புகள் என்றால் தலைமை ஆணையரிடமும், மாநில அமைப்புகள் என்றால் மாநில ஆணையரிடமும் முறையிடலாம். நாள் குறைவாக இருந்தால் உயர் நீதிமன்றத்தை அணுகுவது மூன்றாவது வழி.

வெளிநாட்டுப் படிப்புக்காக ஜிஆர்இ எழுதுவோருக்கு நடைமுறை சற்று வேறு. அங்கே ஏற்பாட்டுக்கு ஒப்புதல் பெற்ற பிறகே தேர்வு நாளைப் பதிவுசெய்ய வேண்டும். சதவீதக் கணக்கு கிடையாது. அன்றாடச் செயல்பாட்டில் என்ன தடை என்பதை அறிக்கை காட்ட வேண்டும். இந்தியச் சட்டத்தின் 21 வகைகளில் தனியாக இடம்பெறாத ஏடிஎச்டி எனும் கவனக் குறைபாட்டுக்கும் அங்கே ஏற்பாடு கேட்கலாம். ஒருவர் முன்பு இதேபோன்ற தேர்வுகளில் பெற்ற ஏற்பாட்டுக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்று அமெரிக்க நீதித் துறையின் விதி தேர்வு நடத்துவோரைக் கட்டுப்படுத்துகிறது. அங்கும் இது சும்மா வந்துவிடவில்லை. சட்டப் படிப்புக்கான எல்சாட் தேர்வில் கூடுதல் நேரம் பெற்றவர்களின் மதிப்பெண்ணைத் தனிக் குறியிட்டு அனுப்பும் வழக்கம் இருந்தது. வழக்குக்குப் பிறகு 2014-இல் ஏற்பட்ட உடன்பாட்டில்தான் அது நிறுத்தப்பட்டது.

கூடுதல் நேரம் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநீதி ஆகாதா, போலிச் சான்றுகள் பெருகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கத்தக்க கேள்விகளே. முதல் கேள்விக்கான பதில் கிளாட் பிஜி எடுத்துக்காட்டிலேயே இருக்கிறது: அந்த 40 நிமிடம் வாசிக்கச் சொல்வதிலும் திருப்பிக் கேட்பதிலும் செலவாகிவிடுகிறது, யோசிக்க உபரியாக எதுவும் மிஞ்சுவதில்லை. இரண்டாவதற்குச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு உண்டு. ஏமாற்றி இச்சலுகையைப் பெறுபவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏமாற்றுபவரைப் பிடிக்கும் வேலை அமைப்பினுடையது. அந்தச் சந்தேகத்தின் பாரத்தை உண்மையாகத் தேவை உள்ளவரின் தோளில் ஏற்றுவது முறையாகாது.

இந்த நடைமுறையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் பத்தாம் வகுப்பில் நிரூபித்ததைப் பன்னிரண்டாம் வகுப்பிலும், பட்டத் தேர்விலும், நுழைவுத் தேர்விலும், உரிமத் தேர்விலும் மறுபடி மறுபடி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு படிவம், வேறு கையொப்பம். மாறாத குறைபாடு உள்ளவருக்கு ஒருமுறை ஏற்ற ஏற்பாட்டை எல்லாத் தேர்வுகளும் ஏற்கும்படி யுடிஐடி அட்டையிலேயே பதிவுசெய்தால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி குறையும். அரசு இதைச் செய்ய முடியும், செய்ய வேண்டும் என்பது எங்கள் கருத்து.

அதுவரை இந்த வேலை தேர்வரின் கையில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு தேர்வு எழுதவிருப்பவர்கள் அறிவிக்கை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடந்த ஆண்டின் கையேட்டில் உள்ள படிவத்தைப் பார்த்து எந்த மருத்துவர் சான்று தருகிறார், எந்தக் குழு என்றைக்கு அமர்கிறது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இந்த மாதமே விசாரித்து வையுங்கள். அறிவிக்கை வந்ததும் அந்த ஆண்டின் படிவத்தில் சான்றைப் பெற்றுவிடலாம். பெற்றோருக்கும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ எழுதத் திணறும் ஒரு மாணவர் இருந்தால், இந்த உரிமை இருப்பதை அவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.